மூன்றும் பெட்டை: கிறிஸ்துமஸ் தீவின் காட்டு அரணை பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

போன வருஷம் பள்ளிக்கூடம் திறந்த இரண்டாவது வாரம். தக்கலைப் பக்கம் நான் பாடம் எடுக்கும் பள்ளியில், சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் விறகு அடுக்கியிருக்கும் இடத்தில் பிள்ளைகள் கூடி நின்றார்கள். போய்ப் பார்த்தால் ஒரு அரணை. தலை நசுங்கிக் கிடந்தது. அறுந்த வால் மட்டும் ஒரு சாண் தள்ளிக் கிடந்து துடித்துக்கொண்டிருந்தது. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் கையில் தென்னை மட்டை.

"அரணை கடிச்சா உடனே மரணம் சார். எங்க பாட்டி சொல்லியிருக்காவ" என்றான். அவனைத் திட்டத் தோன்றவில்லை. என் பாட்டியும் அதைத்தான் சொன்னார். அரணைக்கு மறதி அதிகம், கடிக்க வரும்போது பாதி வழியில் மறந்துபோகும், அதனால்தான் நாம் பிழைத்துக் கிடக்கிறோம் என்றும் சேர்த்துச் சொல்வார். குமரி மாவட்டத்தில் இதைக் கேட்காமல் வளர்ந்தவர் குறைவு. அரணைக்கு விஷமே கிடையாது.

அதைக் கையில் எடுத்துப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். முதுகு பித்தளைப் பாத்திரத்தைப் புளி போட்டுத் துலக்கிய நிறம். விலாவில் கண்ணிலிருந்து பின்னங்கால் வரை வெளிறிய ஒரு கோடு. செதில்கள் ஒன்றின்மேல் ஒன்று ஓடு வேய்ந்தமாதிரி, விரலால் தடவினால் வழவழப்பு. இவ்வளவு கிட்டத்தில் அதுவரை ஒருவரும் பார்த்ததில்லை. "இது ஒண்ணு போனா என்ன சார், இங்க நெறைய உண்டுல்லா?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதிலாக அன்றைக்கு வகுப்பில் சொல்ல ஆரம்பித்தது கிறிஸ்துமஸ் தீவின் காட்டு அரணை பற்றி. ஒரு மணி நேரத்தில் சொல்லி முடியவில்லை. அதனால் இங்கே முழுதாக எழுதுகிறேன்.

தீவும் அதன் பிராணிகளும்

கிறிஸ்துமஸ் தீவு இந்தியப் பெருங்கடலில், ஜாவாவுக்குத் தெற்கே சுமார் 350 கிலோமீட்டரில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் ஆட்சிக்கு உட்பட்டது. பரப்பு 135 சதுர கிலோமீட்டர், நம் மாவட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட வராது. 1643 டிசம்பர் 25 அன்று அந்தப் பக்கம் போன ஒரு ஆங்கிலேயக் கப்பல் தலைவர் வைத்த பெயர் அது. 1888-ல் பிரிட்டன் அதைச் சேர்த்துக்கொண்டது, காரணம் அங்கே மண்ணில் இருந்த பாஸ்பேட். சுரங்க வேலைக்குச் சீனர்களும் மலாய்க்காரர்களும் கொண்டுவரப்பட்டார்கள். 1958-ல் தீவு ஆஸ்திரேலியாவின் கைக்குப் போனது. மழைக்காலம் தொடங்கும்போது கோடிக்கணக்கான செந்நண்டுகள் காட்டிலிருந்து கடலுக்கு இறங்குமே, படங்களில் பார்த்திருப்பீர்கள், அந்தத் தீவுதான்.

அங்கே பூர்வீகமாக ஐந்து வகைப் பல்லி, அரணைகளும் ஒரு குருட்டுப் பாம்பும் இருந்தன. ஐந்தில் மூன்று அரணைகள்: காட்டு அரணை, நீலவால் அரணை, கடலோர அரணை. மற்ற இரண்டு, லிஸ்டர் பல்லியும் பெரும்பல்லியும். கடலோர அரணை வேறு நாடுகளிலும் உண்டு. மற்ற நான்கும் இந்தத் தீவைத் தவிர உலகில் எங்கும் கிடையாது.

காட்டு அரணைக்கு 1887-ல் லண்டனில் பூலாஞ்சர் அறிவியல் பெயர் வைத்தார். இப்போது அதை எமோயா நேட்டிவிடாட்டிஸ் என்கிறார்கள். பின்பாதிக்குக் கிறிஸ்து பிறப்புக்குரியது என்று பொருள், தீவின் பெயரை ஒட்டி வந்தது. பழுப்பு நிறம், வாலோடு சேர்த்து ஒரு சாண் நீளம் இருக்கும். காட்டில் மரம் விழுந்து வெயில் இறங்கும் இடங்களில் சருகுமேல் படுத்துக் காய்ந்துகொண்டிருக்கும். நம் ரப்பர் தோட்டத்து அரணை செய்வதும் அதுதான்.

எங்கும் இருந்தது

1979-ல் ஹரால்ட் காகரும் ராஸ் சாட்லியரும் தீவின் ஊர்வனவற்றைக் கணக்கெடுத்தார்கள். காட்டு அரணை அப்போது தீவு முழுக்க மலிந்து கிடந்தது. நீலவால் அரணையும் அப்படித்தான், வீட்டுத் தோட்டங்களில்கூட ஓடித் திரிந்தது. கவலைப்பட ஒன்றும் இல்லை என்று எவரும் நினைக்கக்கூடிய நிலைமை.

அதற்குப் பிறகு அதே ஆட்கள் திரும்பப் போய் முறையாகப் பார்த்தது 1998-ல். நடுவில் ஏறக்குறைய இருபது வருஷம். அதற்குள் அரணைகள் குறையத் தொடங்கியிருந்தன. குறைவிலும் ஒரு ஒழுங்கு இருந்ததைப் பின்னால் சேர்த்துப் பார்த்தவர்கள் கண்டார்கள். தீவின் வடகிழக்கு மூலையில்தான் துறைமுகமும் வீடுகளும். அரணைகள் முதலில் காணாமல் போனது அந்தப் பக்கம். பிறகு அந்த வெறுமை மேற்கு நோக்கி நகர்ந்தது, வெள்ளத்தில் மண்திட்டு கரைவதுமாதிரி.

இந்த ஆய்வில் என்னை அதிகம் உறுத்துவது அந்த இருபது வருஷம்தான். ஒரு உயிரினம் நிறைய இருக்கும்போது யாரும் அதை எண்ணுவதில்லை. அபூர்வமாகப் போன பிறகு எண்ண வருகிறார்கள், அப்போது பழைய எண் கையில் இருக்காது. எவ்வளவு வேகத்தில் சரிகிறது என்று தெரியாததால் எவ்வளவு அவசரம் என்பதும் தெரியாமல் போகிறது.

பிடித்து வளர்க்கலாம் என்று இறங்கியபோது

2009-ல் தேசியப் பூங்கா ஊழியர்கள் மிஞ்சிய அரணைகளையும் பல்லிகளையும் பிடித்துக் காப்பிடத்தில் வளர்க்கத் தொடங்கினார்கள். நீலவால் அரணையில் 66, லிஸ்டர் பல்லியில் 43. லிஸ்டர் பல்லி அதற்கு முன் இருபது வருஷத்துக்கு மேல் யார் கண்ணிலும் படாமல், போய்விட்டது என்றே கருதப்பட்டது. அது 2009-ல் திரும்பக் கிடைத்தது பெரிய அதிர்ஷ்டம்.

காட்டு அரணையில் கிடைத்தது மூன்று. மூன்றும் பெட்டை.

நான் இதைச் சொன்னதும் வகுப்பில் ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள், விளக்கம் தேவைப்படவில்லை. ஆண் துணை இல்லாமலே குஞ்சு பொரிக்கும் பல்லி இனங்கள் உலகில் சில உண்டு, பசிபிக் தீவுகளில் பரவியிருக்கும் ஒரு சிறு பல்லி அப்படிப்பட்டது. காட்டு அரணை அந்த வகை கிடையாது. ஒரே ஒரு ஆண் வேண்டும். தேடினார்கள். 2010 ஆகஸ்டில் காட்டில் ஒன்றைப் பார்த்ததுதான் கடைசி. அதற்குப் பிறகு எத்தனை தடவை போயும் ஆணும் கிடைக்கவில்லை, பெட்டையும் கிடைக்கவில்லை.

மூன்றில் இரண்டு இறந்தன. மிஞ்சியதற்குப் பராமரித்தவர்கள் கம்ப் என்று பெயர் வைத்திருந்தார்கள். 2014 ஜனவரியில் ஆஸ்திரேலிய அரசு இந்த இனத்தை அழிவின் விளிம்பில் உள்ளவை என்ற சட்டப் பட்டியலில் சேர்த்தது. அந்த நேரத்தில் உலகத்தில் தெரிந்திருந்த காட்டு அரணை கம்ப் ஒன்றுதான். 2014 மே 31 அன்று அது இறந்தது. பட்டியலில் ஏறி நான்கு மாதம். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் 2017-ல் இனம் அழிந்தது என்று எழுதப்பட்டது.

இதே தீவில், இதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. பிபிஸ்ட்ரெல் என்ற குட்டி வவ்வால், எடை நாலு கிராம்கூட இருக்காது. அதைப் பிடித்துக் காப்பிடத்தில் வளர்க்கச் சொல்லி விஞ்ஞானிகள் முன்பே கேட்டுக்கொண்டிருந்தார்கள். அனுமதி 2009 ஜூலையில் வந்தது. ஆகஸ்டில் வலையோடு போனபோது காட்டில் ஒரே ஒரு வவ்வாலின் ஒலிதான் கருவியில் பதிவானது. அதையும் பிடிக்க முடியவில்லை. ஆகஸ்ட் 26-க்குப் பிறகு ஒலியே இல்லை. வவ்வாலுக்கு ஒரு மாதம் பிந்தியது, அரணைக்கு ஒரு ஆண் குறைந்தது. இரண்டுக்கும் நாலைந்து வருஷம் முன்னால் இறங்கியிருந்தால் போதும் என்றுதான் எனக்குப் படுகிறது.

யார் கொன்றது?

இதற்குச் சந்தேகப் பட்டியல் நீளம். கருப்பெலி, பூனை, பெரிய பூரான், மஞ்சள் பைத்தியக்கார எறும்பு, எறும்பை ஒழிக்கத் தூவிய மருந்து, நோய், ஓநாய்ப் பாம்பு. மருந்தையும் நோயையும் விட்டால் எல்லாம் கப்பலில் வந்தவை. இந்தத் தீவுக்கு இது முதல் தடவையும் கிடையாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கப்பலில் வந்த கருப்பெலிகள் கொண்டுவந்த ஒட்டுண்ணி நோயில் தீவின் சொந்த எலி இனங்கள் இரண்டும் துடைத்தெடுத்தமாதிரி போய்விட்டன.

எறும்பு மேல் பலருக்கும் முதல் சந்தேகம் வந்தது நியாயம். நம் ஊர்க்காரர்களுக்கு அதைத் தெரியும். 2022-ல் நத்தம் பக்கம் கரந்தமலையில் ஆடு மாடுகளின் கண்ணைத் தாக்குகிறது என்று செய்தி வந்ததே, அதே எறும்பு. கடிக்காது, அமிலத்தைப் பீய்ச்சும். கிறிஸ்துமஸ் தீவில் அது கோடிக்கணக்கில் பெருகிச் செந்நண்டுகளைக் கொன்றது. ஆனால் எறும்புக் கூட்டம் எட்டாத காட்டுப் பகுதிகளிலும் அரணை குறைந்தது. அதனால் எறும்பு மட்டும் காரணமாக இருக்க முடியாது.

ஓநாய்ப் பாம்பின் கணக்கு மட்டும் இடத்தோடும் காலத்தோடும் ஒத்துப்போகிறது. அது தீவில் முதலில் பதிவானது 1987-ல். வந்து இறங்கியது குடியிருப்புப் பக்கம். அரணைகள் குறையத் தொடங்கியதும் அங்கிருந்துதான், அதற்குப் பின்னால்தான். நம் வீடுகளில் ஓட்டுச் சந்திலும் கதவிடுக்கிலும் வருமே வெள்ளிக்கோல் வரையன், கட்டுவிரியன் என்று நினைத்து அடித்துவிடுவார்களே, அதன் நெருங்கிய சொந்தம். விஷம் இல்லாதது, மனிதருக்கு ஒரு கெடுதலும் செய்யாது. இரவில் திரியும். பகலெல்லாம் ஓடிவிட்டுச் சருகுக்குள் தூங்கும் அரணையைத் தேடிப் பிடிக்க அதற்கு வாய் அமைந்திருக்கிறது. முன்பற்கள் நீண்டு வளைந்தவை, வழுக்கும் செதிலை விடாமல் பற்றிக்கொள்ளும்.

இன்னொரு சாட்சியும் உண்டு. தீவில் வெளியிலிருந்து வந்த பல்லிகளும் இருக்கின்றன. அதில் ஒன்று நம் சுவரில் டியூப்லைட் பக்கத்தில் ஒட்டியிருக்கும் அதே வீட்டுப் பல்லி. அவை குறையவே இல்லை, பெருகின. ஆசியப் பெருநிலத்தில் இந்தப் பாம்போடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து பழகியவை அவை. தீவு அரணைக்கு அப்படி ஒரு பாம்பைத் தெரியவே தெரியாது. தூங்கும்போது வரும் ஆபத்துக்கு அதனிடம் எந்தப் பழக்கமும் இல்லை.

எனக்கு இந்த விளக்கம்தான் உறுதியாகப் படுகிறது. மற்றவை சேர்ந்து அடித்திருக்கலாம், ஆனால் முதல் அடி பாம்புடையது.

காப்பிடத்தில் இருந்த மற்ற இரண்டு இனங்களும் சுலபமாகத் தப்பவில்லை. 2014-ல் அவற்றுக்கு ஒரு புதுக் கிருமி நோய் வந்தது. முகமும் தலையும் வீங்கி உருக்குலைந்து இறந்தன. அந்தக் கிருமி தீவின் வீட்டுப் பல்லிகளிடமும் இருந்தது தெரியவந்தது. ஒரு பங்கைச் சிட்னியின் டாரோங்கா விலங்குக் காட்சிசாலைக்கு முன்பே அனுப்பி வைத்திருந்தது கைகொடுத்தது. 2019-ல் நீலவால் அரணையில் 300-ஐக் கோகோஸ் தீவுகளில் புலு ப்ளான் என்ற சின்னத் திட்டில் விட்டார்கள். அங்கே ஓநாய்ப் பாம்பு இல்லை. சொந்தத் தீவில் விடுவதற்கு இன்னும் வழி இல்லை, பாம்பு அங்கேதான் இருக்கிறது.

படகில் பல்லி

பாம்பு கப்பலில் ஏறியது எப்படி என்று பிள்ளைகள் கேட்டார்கள். அதற்குப் பதிலை எனக்குச் சொன்னவன் என்னிடம் முன்பு படித்த ஒருவன். வள்ளவிளைக்காரன், இப்போது ஆழ்கடல் படகில் போகிறான். கொச்சியிலிருந்து புறப்பட்டால் ஒரு மாதம், சில நேரம் நாற்பது நாள் கடலில்.

"போட்டுல பல்லி எப்பவும் உண்டு சார். அரிசி மூடையோட ஏறும், விறகோட ஏறும். கேபின்ல பலகைக்கு இடையில முட்ட போட்டிருக்கும். கரை தெரியாத எடத்துல ராத்திரி கிடந்து சத்தம் போடும். வீட்ட நெனப்பு வரும்."

அவன் போனில் ஒரு படம் வைத்திருந்தான். ஐஸ் அறை மூடிக்குப் பக்கத்தில் மரச்சட்டத்தின் விரிசலில் இரண்டு முட்டைகள், சுண்டைக்காய் அளவு, சுண்ணாம்பு வெள்ளை. வீட்டுப் பல்லி ஒரு தடவைக்கு இரண்டு முட்டைதான் இடும். ஓடு கெட்டியானது, உப்புக்காற்றைத் தாங்கும், பொரிக்க ஒன்றரை இரண்டு மாதம் ஆகும். அதற்குள் படகு எத்தனையோ கரையைத் தொட்டுவிடும். நம் சுவரில் நேரத்துக்குச் சொல்லும் பல்லிக்குப் பஞ்சாங்கத்தில் பலன் பார்க்கிறோம். அதே பல்லி இறங்கிய தீவில் அங்கே உள்ளவற்றுக்கு என்ன பலன் என்று நான் யோசித்ததே அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான்.

இல்லை என்று எப்போது சொல்வது?

கம்ப் விஷயத்தில் நாள் தெரியும். பெரும்பாலான தீவுப் பல்லிகளுக்கு அப்படி நாள் குறிக்க முடியாது. நியூ கலிடோனியாவில் போகூர் அரணை என்று ஒன்று, அரை மீட்டர் நீளம், நீண்டு வளைந்த பல். 1876-ல் ஒரே ஒரு மாதிரியை வைத்துப் பெயர் வைத்தார்கள். அதற்குப் பிறகு யாரும் காணவில்லை. அழிந்தது என்று எழுதி முடித்த பிறகு 2003-ல் பைன் தீவுக்குப் பக்கத்துத் திட்டு ஒன்றில் உயிரோடு கிடைத்தது. இப்படி ஒன்று நடந்துவிட்டால், இல்லை என்று சொல்ல யாருக்கும் கை வராது. சொன்னால் தேடுவதை நிறுத்திவிடுவார்கள், இருக்கிறதையும் காப்பாற்ற ஆள் இருக்காது.

நம் நாட்டிலும் ஒன்று உண்டு. சில்கா ஏரிக்குள் பர்குடா தீவு. கஞ்சம் மாவட்டம் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர் நெல்சன் அன்னன்டேல் 1917-ல் அந்தத் தீவிலிருந்து காலே இல்லாத ஒரு அரணையை விவரித்து, தீவின் பெயரையே அதற்கு வைத்தார், பர்குடியா. மண்ணுக்குள் வாழ்வது, பார்வைக்கு மண்புழுமாதிரி. இதை எண்ணிப் பார்ப்பது எவ்வளவு சிரமம் என்று யோசியுங்கள். வெயிலில் படுக்கும் அரணையே கண்முன்னால் காணாமல் போயிருக்கிறது.

நம் கரையில்

குமரி மாவட்டம் தீவு இல்லைதான். ஆனால் பல்லிக்கும் ஓணானுக்கும் தீவு என்றால் சுற்றிலும் தண்ணீர் இருக்க வேண்டியதில்லை. விசிறி ஓணானை எடுத்துக்கொள்வோம். கடற்கரை மணல் மேட்டில், அடம்பங்கொடிக்கு நடுவில் ஓடும். ஆண் தொண்டையில் தோலை விசிறிமாதிரி விரித்துக் காட்டும். 2016-ல் ஒரு புது இனத்துக்கு நம் தமிழ்ச் சொல்லையே எடுத்து சிடானா விசிறி என்று பெயர் வைத்தார்கள். 2018-ல் இன்னொரு இனம், பொழியூர் கடற்கரையிலிருந்து, டேவிட் அட்டன்பரோவின் பெயரில். பொழியூர் கேரளத்தில் இருக்கிறது, ஆனால் நம் நீரோடியிலிருந்து நடந்து போகிற தூரம். ஓணானுக்கு மாநில எல்லை தெரியாது.

நீரோடிப் பக்கம் கடல் ஏறி வீடுகளை எடுத்துக்கொண்டு போவதால் கருங்கல் சுவர் போடுகிறார்கள். போடத்தான் வேண்டும், அங்கே இருக்கும் மக்களுக்கு வேறு வழி இல்லை. ஆனால் சுவருக்கு உள்ளே எஞ்சிய மணல் ஒரு தீவு. அதற்குத் தெற்கே அடுத்த மணல் மேடு இன்னொரு தீவு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கான்கிரீட்டைத் தாண்டி ஓணான் போகாது. ஒவ்வொரு தீவிலும் எத்தனை உண்டு என்று இன்றைக்கே யாராவது எழுதி வைத்தால்தான், பத்து வருஷம் கழித்துக் குறைந்ததா கூடியதா என்று சொல்ல முடியும்.

சரி, பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். அந்த அரணையை விறகு அடுக்குக்குப் பக்கத்திலேயே புதைத்தோம். அடுத்த வாரம் ஒரு நீளநோட்டு வாங்கிக் கோடு போட்டோம். நாள், நேரம், இடம், எத்தனை, வால் முழுசா அறுந்ததா, ஆணா பெட்டையா. வாரத்துக்கு இரண்டு நாள், காலை மணி அடிக்கும் முன்னால் இரண்டு பிள்ளைகள் ஒரே பாதையில் போய்ப் பார்த்து எழுத வேண்டும். விறகு அடுக்கு, கிணற்றடி, மைதானத்து ஓரம், பின்பக்க ரப்பர் தோட்டத்து வேலி. ஒன்றும் காணாத நாளில் 'இல்லை' என்று எழுத வேண்டும், காலியாக விடக்கூடாது. இதை நான் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். முதலில் சில பிள்ளைகளுக்கு வெட்கம், ஒன்றுமே காணவில்லை என்று எழுதினால் சரியாகப் பார்க்கவில்லை என்று சார் நினைப்பார் என்று. அப்புறம் பழகிவிட்டது.

கடைசிக் கட்டம் மட்டும் நிறையவே மாட்டேன் என்கிறது. அரணையில் ஆணையும் பெட்டையையும் ஓடும்போது பார்த்துப் பிரிப்பது என்னாலேயே முடியாது. அந்தக் கட்டத்தை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம் சார், இருக்கட்டும் என்றார்கள். போன செவ்வாய்க்கிழமை வரிசை, அன்றைக்குத் தென்னை மட்டையோடு நின்ற பையனுடையது. அவன் எழுதியிருந்தான்:

"காலை 8.40. விறகு அடுக்கு. ஒண்ணு, நல்ல பெரிசு. வால் முழுசா இருக்கு. ஆணா பெட்டையா தெரியல, ஓடிப்போச்சு. நாளைக்கும் பாக்கணும்."